மாரடைப்புக்குப் பிறகு வந்த ரத்தப் பரிசோதனை எண்கள்: எதை நம்புவது?

#1 குமரிக்கடல்

அப்பாவுக்கு வயது 61. சமீபத்தில் மாரடைப்பு. தாலுகா ஆஸ்பத்திரியில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோ செய்து, இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். நடக்கிறார், பேசுகிறார், உப்பு குறைந்த சாப்பாட்டுக்காகத் தினமும் சண்டை போடுகிறார்.

பிரச்சினை என்னவென்றால், டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரு கட்டு ரத்த ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள். பாதி எண்கள் தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கி அம்புக்குறி. முக்கியமானவை:

ட்ரோபோனின் ஐ: 25,000-க்கு மேல்
என்.டி-புரோ பி.என்.பி: 2,140
சி.ஆர்.பி (அழற்சி அளவு): 18
என்.எல்.ஆர் (வெள்ளை அணுக்களின் விகிதம்): 7.2
கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு): 1.3
எக்கோவில் (இதய ஸ்கேன்) பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு: 42%

மாமா ஒருவர் வாட்ஸ்அப்பில் எதையோ படித்துவிட்டு, "என்.எல்.ஆர் 5-க்கு மேல் போனால் ஆபத்து" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் தூக்கம் இல்லை. டாக்டர் "எல்லாம் சரியாகத்தான் போகுது, மாத்திரையை மட்டும் விடாதீங்க" என்பதோடு முடித்துக்கொள்கிறார். இந்த எண்களில் எது உண்மையிலேயே அப்பா இனி எப்படி இருப்பார் என்று சொல்லும்?

#2 செவிலி_மலர்

முதலில் ஒன்று சொல்லுங்கள் தம்பி. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ரத்தம் எடுத்த தேதியும் நேரமும் ரிப்போர்ட்டில் மேலே சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்துப் போடுங்கள். மாரடைப்பில் நேரம் தெரியாத எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

#3 குமரிக்கடல்

நன்றி அக்கா. ரத்த அணு எண்ணிக்கையும் கிரியாட்டினினும் தனியார் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த அன்று காலை. ட்ரோபோனின், சி.ஆர்.பி, என்.டி-புரோ மூன்றும் ஸ்டென்ட் வைத்த மறுநாள்.

#4 நெஞ்சகம்

இதயவியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். பொதுவாகத்தான் சொல்ல முடியும், உங்கள் அப்பாவின் மருத்துவர் சொல்வதே முதன்மை.

ட்ரோபோனினிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆட்களை அதிகம் பயமுறுத்துவது அதுதான். இதயத் தசைக்குள் இருக்கும் புரதம் இது. தசை சாகும்போது ரத்தத்தில் கசியும். மாரடைப்பா இல்லையா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல ரத்தப் பரிசோதனை இன்று கிடையாது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு வந்த வகையில், அதாவது ஈ.சி.ஜி.யில் எஸ்.டி பகுதி மேலே ஏறி நிற்கும் 'ஸ்டெமி'யில், ட்ரோபோனின் முடிவுக்காகக் காத்திருக்கவே கூடாது. வந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி, அதைப் பார்த்ததும் சிகிச்சை. வலி தொடங்கி முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ட்ரோபோனின் சாதாரணமாகக்கூட இருக்கும்.

அப்புறம் அளவு. 25,000 என்றால் சேதம் அதிகமா? பொதுவாக, செத்த தசை அதிகமானால் ட்ரோபோனினும் அதிகம். ஆனால் அடைப்பு திறந்ததும் சேதமான இடத்துக்கு ரத்தம் பாய்ந்து, தேங்கியிருந்த ட்ரோபோனின் மொத்தமும் ஒரே அடியாக வெளியே அடித்துக்கொண்டு வரும். சிகிச்சை வெற்றி பெற்றவருக்கு உச்சம் சீக்கிரமாகவும் செங்குத்தாகவும் வரும். ஸ்டென்ட் வைத்த மறுநாள் எடுத்த ஒற்றை எண்ணை வைத்து ஜோசியம் பார்க்கக் கூடாது என்பது இதனால்தான். மூன்றாம், நான்காம் நாள் ட்ரோபோனின் டி அளவு, எம்.ஆர்.ஐ.யில் தெரியும் தழும்பின் அளவோடு ஓரளவு நன்றாகவே ஒத்துப்போகிறது. ஆனால் அதற்காக யாரும் தனியாக ரத்தம் எடுப்பதில்லை, எக்கோ இருக்கிறதே.

என்.டி-புரோ பி.என்.பி வேறு வகை. எவ்வளவு தசை செத்தது என்பதை அது நேராகச் சொல்லாது. மிச்சமிருக்கும் இதயம் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதைச் சொல்லும். சுவர் இழுபட்டால் சுரக்கும். 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தீவிர இதயப் பாதிப்போடு வந்த 2,525 பேரிடம் முதல் சில நாட்களுக்குள் பி.என்.பி. (என்.டி-புரோவோடு கூடவே சுரக்கும் ஜோடி) அளந்தார்கள். அளவு ஏற ஏற, அடுத்த மாதங்களில் இறப்பும் இதயச் செயலிழப்பும் ஏறின. ட்ரோபோனின் சாதாரணமாக இருந்தவர்களிடமும் அப்படித்தான். ஆக, உங்கள் பட்டியலில் கொஞ்சம் கவனம் கேட்பது 2,140 என்ற எண்தான், 25,000 அல்ல. அதுவும் மாரடைப்பு வந்த ஓரிரு நாளில் எல்லோருக்கும் ஏறும். முன்சுவர் பாதிப்பில் இன்னும் அதிகம். வயதும் சிறுநீரகமும் அதை ஏற்றும், உடல் பருமன் இறக்கும். சில வாரங்கள் கழித்துத் திரும்ப எடுக்கும்போது இறங்கியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

என்.எல்.ஆர் பற்றி அப்புறம் எழுதுகிறேன், வார்டிலிருந்து கூப்பிடுகிறார்கள்.

#5 ஆய்வகக்காரன்

டாக்டர் விட்ட இடத்தில் லேப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

ட்ரோபோனினில் ஐ, டி என்று இரண்டு வகை. ஐ வகையைப் பல கம்பெனிகள் அளக்கின்றன, ஒருவர் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிடவே முடியாது. ஒவ்வொன்றுக்கும் அதன் சொந்த எல்லைக்கோடு. நுண்ணுணர்வு ட்ரோபோனின் டி-க்கு லிட்டருக்கு 14 நானோகிராம் என்பது எல்லை. பழைய மெஷின்கள் மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று கொடுக்கும். 0.04 என்று ஒரு ரிப்போர்ட், 40 என்று இன்னொன்று. இரண்டும் ஒரே அளவுதான், ஆயிரத்தால் பெருக்கினால் சரியாகிவிடும். "ஒரே நாளில் ஆயிரம் மடங்கு ஏறிடுச்சு" என்று ஒருவர் லேபில் வந்து நின்று அழுதார். அலகைப் பாருங்கள் ஐயா, அலகை!

சின்ன ஊர்களில் கார்டு டெஸ்ட் இருக்கும், கோடு விழுந்தால் பாசிட்டிவ். அதில் அளவே கிடையாது, முன்கணிப்பும் கிடையாது.

இன்னொன்று: முடி வளர, நகம் வளர என்று பயோட்டின் மாத்திரை அதிக அளவில் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சில மெஷின்களில் அது ட்ரோபோனினைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே எச்சரித்தது.

#6 மட்டுநகரான்

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என்ர அம்மா டயாலிசிஸ் செய்கிறவ. எப்ப ரத்தம் எடுத்தாலும் ட்ரோபோனின் கூடவாகத்தான் இருக்கு. ஒவ்வொரு முறையும் வார்டில மறிச்சுப் போடுகினம். அவவுக்கு இந்த டெஸ்டால ஏதாவது பிரயோசனம் இருக்கா?

#7 நெஞ்சகம்

இருக்கிறது மட்டுநகரான், ஆனால் ஒற்றை அளவால் இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களிடம் ட்ரோபோனின் எப்போதும் உயர்ந்தே நிற்கும். சில மணி நேர இடைவெளியில் இரண்டாவது முறை எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அசையாமல் நின்றால் புது மாரடைப்புக்கு வாய்ப்புக் குறைவு. நன்றாக இருக்கும் நாளில் அம்மாவின் அளவு என்ன என்பதை எழுதிக் கையில் வைத்திருங்கள், எந்த மெஷினில் எடுத்தது என்பதையும் சேர்த்து. அவசரத்தில் அது மிகவும் உதவும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் மட்டும் "எப்பவும் இப்படித்தான்" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

இனி என்.எல்.ஆர். ரத்த அணு எண்ணிக்கையில் நியூட்ரோஃபிலை லிம்போசைட்டால் வகுத்தால் வரும் எண், அவ்வளவுதான். இரண்டும் வெள்ளை அணு வகைகள். தனிக் காசு கிடையாது. தசை சாகும்போது நியூட்ரோஃபில்கள் குப்பை அள்ளப் பாய்ந்து வருகின்றன. உடலின் அதிர்ச்சியில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடி லிம்போசைட் குறைகிறது. மேலே இருப்பது கூட, கீழே இருப்பது குறைய, விகிதம் எகிறும். சாதாரண நாளில் 1-லிருந்து 3 வரை இருப்பது முதல் நாளில் 7 ஆவது அபூர்வமே இல்லை. காய்ச்சல், சளித்தொற்று, ஸ்டீராய்டு ஊசி, புகைப்பழக்கம் எல்லாமே ஏற்றும். உங்கள் மாமாவின் 5 எங்கிருந்து வந்தது என்று நம்ம புள்ளியியல்காரர் சொல்லட்டும், அவருக்கு இதில் கோபம் அதிகம்.

#8 புள்ளியியல்_பித்தன்

கூப்பிட்டதற்கு நன்றி, கோபத்தோடே வந்திருக்கிறேன்.

ஒரு மருத்துவமனையின் பழைய கேஸ் ஷீட்டுகளில் சில நூறு பேரை எடுப்பார்கள். இறந்தவர்களின் என்.எல்.ஆர் சராசரி அதிகம், பிழைத்தவர்களுக்குக் குறைவு, பி-மதிப்பு 0.001 (தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று காட்டும் எண்). அப்புறம் அதே தரவுக்குள் எந்த எண்ணில் வெட்டினால் இரு கூட்டமும் நன்றாகப் பிரிகிறது என்று தேடி, அதை 'எல்லைக்கோடு' என்று அறிவிப்பார்கள். துருக்கியிலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் இப்படி ஏகப்பட்ட கட்டுரைகள். ஒன்றில் 3 சொச்சம், இன்னொன்றில் 5, வேறொன்றில் 7. தன் தரவுக்கேற்ற கோட்டைத் தானே போட்டுக்கொண்டால் அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். வேறு ஊர் நோயாளிகளிடம் போட்டுப் பார்த்தால் சாயம் வெளுக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி "என்.எல்.ஆருக்கும் இறப்புக்கும் தொடர்பு உண்டா?" என்பது அல்ல. உண்டு, ஒத்துக்கொள்கிறேன். "ஏற்கெனவே நமக்குத் தெரிந்ததோடு இது என்ன கூடுதலாகச் சொல்கிறது?" என்பதே கேள்வி. மாரடைப்பு நோயாளியின் இறப்பு ஆபத்தைக் கணிக்க 2003-ல் வந்த கிரேஸ் மதிப்பெண் 11,389 பேரின் தரவிலிருந்து உருவானது. வயது, இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், நுரையீரலில் நீர் கோத்த நிலை, வரும்போதே இதயம் நின்றிருந்ததா, ஈ.சி.ஜி மாற்றம், கிரியாட்டினின், இதய நொதி உயர்வு. மொத்தம் எட்டே விஷயம். மருத்துவமனையில் இறப்பவர், பிழைப்பவர் என்று ஒவ்வொரு ஜோடியாக எடுத்தால், 100-ல் 83 ஜோடிகளில் இறந்தவருக்கே அதிக மதிப்பெண் போட்டிருக்கும். இதன் மேல் ஒரு புதுக் குறியீட்டை (என்.எல்.ஆர் போன்ற ரத்த அளவை) சேர்த்தால் 83 எவ்வளவு ஏறும்? பெரும்பாலும் தசமப் புள்ளிக்குப் பின்னால்தான் சண்டை.

நோயில்லாத பொதுமக்களிடமும் இதே கதை. 2006-ல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வுக் குழு 3,209 பேரிடம் பத்துக் குறியீடுகளை ஒரே நேரத்தில் அளந்தது. பி.என்.பி, சி.ஆர்.பி. எல்லாம் அதில் உண்டு. தொடர்பு பலமாக வந்தது, முன்கணிப்பு கொஞ்சம்தான் கூடியது.

#9 ஊர்க்குருவி

அப்படியானால் இந்த ஆராய்ச்சி எல்லாம் வீண் என்கிறீர்களா? பெரிய ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பேசுவது சுலபம். எங்கள் பக்கத்தில் என்.டி-புரோ எடுக்க ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள், ரத்த அணு எண்ணிக்கை நூற்றுச் சொச்சத்தில் முடியும். ஏழைக்குக் கிடைக்கிற எண்ணை வைத்து ஏதாவது செய்ய முடிந்தால் நல்லதுதானே?

#10 புள்ளியியல்_பித்தன்

நியாயமான பேச்சு. மலிவு என்பது பெரிய குணம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைவிட மலிவாக நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. 1967-ல் கில்லிப் என்ற மருத்துவர் 250 மாரடைப்பு நோயாளிகளை வைத்து, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டதையும் ரத்த அழுத்தத்தையும் கொண்டே நான்கு வகையாகப் பிரித்தார். அதை இன்றைக்கும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். என்.எல்.ஆர் 7 என்று தெரிந்தால் மருத்துவர் எந்த மாத்திரையை மாற்றப் போகிறார்? இதற்குப் பதில் இருந்தால் நானே கட்சி மாறுகிறேன்.

#11 ஊர்க்குருவி

மாத்திரை மாற வேண்டாம். இன்னும் ஒரு நாள் கூடுதலாக ஐ.சி.யு.வில் வைத்துப் பார்க்கலாமே. அதுவும் முடிவுதான்.

#12 செவிலி_மலர்

ஐ.சி.யு. பக்கத்திலிருந்து சொல்கிறேன். நாங்கள் கண் வைக்கிற எண்கள் வேறு. மோசமான நோயாளி வந்தால் முதலில் கேட்பது லாக்டேட் (உடலுக்கு ரத்தமும் ஆக்ஸிஜனும் போதாதபோது ஏறுவது), சர்க்கரை, கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின். எல்லாம் பழைய ஆட்கள், யாரும் கட்டுரை எழுதிப் புகழ்வதில்லை.

இதயம் சோர்ந்து ரத்த அழுத்தம் விழுந்த நிலையில் வருகிறவர்களுக்கு ஜெர்மனியில் உருவான ஒரு மதிப்பெண் இருக்கிறது. 73-க்கு மேல் வயது, முன்பு பக்கவாதம், சர்க்கரை 191-க்கு மேல், கிரியாட்டினின் 1.5-க்கு மேல், லாக்டேட் 5-க்கு மேல், ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் பிறகும் ரத்தம் முழுதாகப் பாயாதது. ஆறில் மூன்று சாதாரண ரத்தப் பரிசோதனை, பாருங்கள். லாக்டேட் இறங்குகிறதா என்று மணிக்கணக்கில் காத்திருப்போம். அது இறங்கத் தொடங்கினால் டாக்டர் முகமே மாறும்.

சர்க்கரை வியாதி இல்லாதவருக்கும் வரும்போது சர்க்கரை ஏறியிருந்தால் கவனமாக இருப்போம், அது உடம்பு எவ்வளவு அடி வாங்கியிருக்கிறது என்பதற்கு அடையாளம். பொட்டாசியம் 3.5-க்குக் கீழே போனால் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து. இதையெல்லாம் பார்த்தால் அங்கேயே ஏதாவது செய்ய முடியும். பொட்டாசியம் ஏற்றலாம், ரத்தம் ஏற்றுவதா என்று யோசிக்கலாம்.

#13 ஊர்க்குருவி

சரி, செய்ய முடிகிற எண் என்று வந்ததால் கேட்கிறேன். சி.ஆர்.பி. அழற்சியைக் காட்டுகிறது, அழற்சிதான் மாரடைப்புக்குப் பின்னால் என்கிறார்கள். அப்படியானால் அதைக் குறைக்கும் மருந்து கொடுத்தால் ஆயிற்று. குமரிக்கடல் அப்பாவுக்கு 18 இருக்கிறதே.

#14 நெஞ்சகம்

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். இதைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள், ஒரு முறை அல்ல. பதில்தான் ஒழுங்காக வரமாட்டேன் என்கிறது.

2017-ல் கான்டோஸ் ஆய்வு. முன்பு மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி. 2-க்குக் குறையாமல் இருந்த 10,061 பேர். அழற்சியைக் குறைக்கும் கனகினுமாப் என்ற ஊசி. 150 மில்லிகிராம் அளவில் மறு மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு சேர்ந்து 15% குறைந்தன. ஆனால் தொற்றால் இறப்பு கூடியது, மொத்த இறப்பு மாறவில்லை. விலையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

அடுத்து மெத்தோட்ரெக்ஸேட் என்ற இன்னொரு அழற்சி மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தார்கள், 4,786 பேர். சி.ஆர்.பி.யும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை.

2019-ல் கோல்காட் ஆய்வு. கீல்வாதத்துக்குக் கொடுக்கிற கோல்சிசின்தான், மலிவான பழைய மாத்திரை. மாரடைப்பு வந்து 30 நாட்களுக்குள் 4,745 பேருக்கு. இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்பு போலி மாத்திரை எடுத்தவர்களில் 7.1%, கோல்சிசின் எடுத்தவர்களில் 5.5%. எல்லோருக்கும் சந்தோஷம். 2024-ல் கிளியர் ஆய்வு வந்தது, 7,062 பேர், அதே மாத்திரை, மாரடைப்பு வந்த உடனேயே தொடக்கம். கோல்சிசின் எடுத்தவர்களில் 9.1%, போலி மாத்திரை எடுத்தவர்களில் 9.3%. வித்தியாசமே இல்லை, வயிற்றுப்போக்கு மட்டும் அதிகம். இதில் கவனியுங்கள்: சி.ஆர்.பி. குறைந்தது. எண் இறங்கியது, நோயாளிக்கு நடந்தது மாறவில்லை.

அதனால் அப்பாவுக்கு யாரும் 18-ஐப் பார்த்துக் கோல்சிசின் எழுதவில்லை என்றால் அது அலட்சியம் அல்ல. தவிர, மாரடைப்பு வந்து இரண்டு மூன்று நாளில் சி.ஆர்.பி. தன் உச்சத்தில் இருக்கும், அந்த 18 செத்த தசைக்கான எதிர்வினை. அவருடைய அடிப்படை அழற்சி என்ன என்று அறிய வேண்டுமானால் சில வாரங்கள் பொறுக்க வேண்டும்.

#15 நலம்_தரும்_பேக்கேஜ்

[விளம்பர இணைப்பு நீக்கப்பட்டது. 14 இதயக் குறியீடுகள் தள்ளுபடி விலையில் என்று இந்த இழையில் யாரும் விற்க வேண்டாம். - நெறியாளர்]

#16 ஆய்வகக்காரன்

14-ஆ! கேலெக்டின்-3, எஸ்.டி.2 என்று அபூர்வமாக எடுக்கும் ரத்தக் குறியீடுகள் வரைக்கும் போட்டிருப்பார்கள். லேபில் இருப்பவனே சொல்கிறேன், வாங்காதீர்கள்.

#17 நெஞ்சகம்

சிரித்துவிட்டேன்.

குறியீடுகளைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் தப்பாகிவிடும். நம் ஊரில் மாரடைப்புச் சிகிச்சையின் முடிவைத் தீர்மானிக்கிற மிகப் பெரிய எண் ரத்தத்திலேயே இல்லை. 2008-ல் வெளிவந்த கிரியேட் பதிவேட்டில் இந்தியா முழுவதும் 20,937 நோயாளிகள். வலி தொடங்கி ஆஸ்பத்திரி வாசலுக்கு வர ஆன நேரத்தின் நடுமதிப்பு 360 நிமிடம். ஆறு மணி நேரம்! அதற்குள் அடைபட்ட குழாயை நம்பியிருந்த தசை பாதிக்கு மேல் போயிருக்கும்.

தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை சிறிய மருத்துவமனைகளை ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மையங்களோடு இணைத்து, சிறிய இடத்தில் ஊசி, பிறகு பெரிய இடத்தில் ஸ்டென்ட் என்று ஓர் ஏற்பாட்டைப் பரிசோதித்தார்கள். 2,420 பேர். ஓராண்டு இறப்பு 17.6%-லிருந்து 14.2%-க்கு இறங்கியது. எந்தப் புது ரத்தப் பரிசோதனையும் இதில் இல்லை. 2023-லிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் முதல் வேளையைக் கொடுத்துவிட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். குமரிக்கடல், உங்கள் அப்பா தாலுகாவில் ஊசி வாங்கியதும் கிட்டத்தட்ட இந்த வழிதான். வலி வந்து எவ்வளவு நேரத்தில் ஊசி போட்டார்கள்?

#18 குமரிக்கடல்

ஒன்றரை மணி நேரத்துக்குள். "கேஸ் (வாயு) வலிதான்" என்று அப்பாவைப் பேசவே விடாமல் பக்கத்து வீட்டு ஆட்டோ அண்ணன் ஏற்றிக்கொண்டு போனார்.

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் என்.எல்.ஆர் விஷயத்தை வாசித்துக் காட்டினேன். மாமாவுக்கும் இந்த இழையை அனுப்பியாயிற்று, பார்த்துவிட்டுப் பதில் ஏதும் போடவில்லை. கடைசியாக ஒன்று: இனி எந்தெந்தப் பரிசோதனையை எப்போது எடுப்பது?

#19 நெஞ்சகம்

ஒன்றரை மணி நேரம் என்பது மிக நல்ல செய்தி, அந்த அண்ணனுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியவை இவை. கிரியாட்டினினும் பொட்டாசியமும் ஓரிரு வாரத்தில்; ஆஞ்சியோ சாயமும் புது மாத்திரைகளும் சிறுநீரகத்தை எப்படி வைத்திருக்கின்றன என்று தெரிய வேண்டும். எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) நான்கிலிருந்து ஆறு வாரத்தில். 55-க்குக் கீழே கொண்டுவருவது இலக்கு. லிப்போபுரோட்டீன் (ஏ) என்ற இன்னொரு கொழுப்பு வகை வாழ்நாளில் ஒரு முறை போதும், அது பரம்பரை வழி வருவது. அவருக்கு அதிகமாக இருந்தால் நீங்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) இதுவரை எடுக்கவில்லை என்றால் இப்போதே. எக்கோவை ஆறு வாரம் கழித்துத் திரும்பச் செய்வார்கள். 42% ஏறவும் செய்யலாம், அதிர்ச்சியில் உறங்கிக்கிடக்கும் தசை பல பேருக்கு மீள்கிறது. என்.டி-புரோவை அந்த எக்கோவோடு சேர்த்து ஒரு முறை எடுத்தால் போதும். நடுவில் கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, திடீரென்று எடை ஏறினாலோ எந்த எண்ணுக்கும் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

ட்ரோபோனின், சி.ஆர்.பி, என்.எல்.ஆர் மூன்றையும் திரும்ப எடுக்க வேண்டியதில்லை.

#20 ஆய்வகக்காரன்

என்.டி-புரோவை முன்பு எடுத்த அதே லேபில் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டையும் கையில் கொண்டுபோங்கள். மெஷின் மாறினால் இறங்கியதா இல்லையா என்பதில் மறுபடி ஒரு சண்டை வரும்.